விதையில்லாத பொட்டலம்

என் உயிரான முத்தையா அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். இருந்தாலும் கேட்காமல் என்னால் தொடங்க முடியவில்லை. நீ போய் ஒன்பது ஆடி ஆகிவிட்டது. இதை உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை டாலாவில் நம் முனீஸ்வரன் கோயில் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வாசிக்கப்போகிறேன். அண்ணிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. உன் மகன் சரவணனுக்கு நாம் பேசுவது விளங்கும், வாய் திறந்தால் பர்மியம்தான் வரும். வாசித்துக் காட்டினால்தான் உண்டு.

நான் இன்னும் அதே பயறுக் கிடங்கில்தான் கல் பொறுக்குகிறேன். காலையில் படகேறி ரங்கூன் கரைக்குப் போய், முறத்தை மடியில் வைத்தால் சாயந்தரம் வரை கல், சொத்தை, கருப்பு. "உன் கண்ணுக்கு மனுஷனும் கல்லாத்தான் தெரிவான்" என்று நீ கேலி செய்வாய். இப்போது இன்னும் மோசம். மீன்காரி தராசைத் தொட்டாலே அவள் கையைப் பார்க்கிறேன். படகில் பக்கத்தில் உட்காருகிறவன் சும்மா சிரித்தால்கூட, இவன் ஏன் சிரிக்கிறான் என்று இறங்கும்வரை யோசிக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

செய்தி என்னவென்றால், இந்த ஆடிக்கு சரவணன் சாமியாடப்போகிறான். உனக்குப் பிறகு முனி யார் மேலும் இறங்கவில்லை. போன மாதம் கோயிலில் அவனுக்கு உடம்பு உதறியது. பெரியவர்கள் உடனே திருநீறு பூசி, அப்பன் இடம் பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அதனால் கஞ்சா உருண்டை பிடிக்க அத்தை நான்தான் வரவேண்டுமாம்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். சாமியாடுகிறவனுக்குப் பிறந்த வீட்டுப் பெண் உருண்டை பிடிக்கவேண்டும். அரிசி அளக்கிற அதே பால் டப்பாவில் தலை தட்டாமல் ஒரு டப்பா கஞ்சா. அதைச் சுத்தம் செய்து, மூன்று தண்ணீரில் அலசி, நெய்யில் வதக்கி, வெல்லப்பாகில் போட்டு உருட்டவேண்டும். முனிக்குப் படைத்தபின் சாமியாடி அதை முழுசாகச் சாப்பிடவேண்டும். அளவைக் குறைக்கக் கூடாது. படைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கவும் கூடாது, பார்த்தால் எச்சில்.

நான் முதல்முதலில் உருண்டை பிடித்தது எண்பத்தெட்டில். ஆட்சிக்கு எதிராக ஊரே கொதித்துக்கொண்டிருந்த ஆடி அது. படகு ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சட்டிபானை விற்கிற பர்மாக்காரன் கோ தெயின், த்வாண்டே கால்வாய் வழியாகச் சின்னப் படகில் சட்டிபானைகளோடு வந்து சேர்ந்தான். ஒரு பானைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் செய்தித்தாள், அதற்குள் நம் சரக்கு. பிரித்தால் காய்ந்த வைக்கோல் வாசனைதான் வரும். பழுப்பு இலை, குச்சி, குச்சியைவிட அதிகமாக விதை. டப்பாவில் அளந்துவிட்டுப் பொறுக்க உட்கார்ந்தால் முக்கால் டப்பா குப்பைக்குப் போகும். தப்பிய விதை நெய்யில் வெடித்து என் கையைச் சுட்டதும், "எனக்கு முன்னாடி முனி உன் மேல இறங்கிட்டான்" என்று நீ சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா?

அந்த உருண்டையைத் தின்றுவிட்டு நீ இரண்டு மணி நேரம் ஆடுவாய். பிறகு ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டு, பசிக்கிறது என்று வந்து உட்காருவாய். அவ்வளவுதான்.

நாலைந்து வருஷம் கழித்துச் சரக்கு மாறியது. மேலே மலைப்பக்கத்திலிருந்து செங்கல் மாதிரி அழுத்தி வந்தது. உடைத்தால் விதை குறைவு. நீ ஆடுகிற நேரம் கூடியது. எனக்கு அப்போதே உறுத்தல். என்னவோ கலக்கிறார்கள் என்றேன். நீ கேட்கவில்லை, "முனிக்கு வயசாகுது, கொஞ்சம் கூடுதலாத்தான் வேணும்" என்றாய்.

நீ இறந்த வருஷம் வந்த சரக்கோ வேறு ஜாதி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊருக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன். உருண்டையைச் சாப்பிட்டு அரை மணியில் உன் கண் செருகியது. ஆட்டம் நிற்கவே இல்லை. முழுக்குப் போட நீயாக நடக்க முடியாமல் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். தண்ணீரில் கையை விடவேண்டும், சாமியைப் பிடித்துக்கொண்டு முழுக்காட்டக் கூடாது. விட்டார்கள். ஆடி மாதத்து ஆறு, செம்மண் தண்ணீர். இரண்டு முழுக்கு வரை எண்ணினோம். மூன்றாவதில் நீ எழவில்லை.

முனி கூட்டிக்கொண்டான் என்றார்கள் பெரியவர்கள். நான் நம்பவில்லை. கோ தெயின் எதையோ கலந்து விற்றுவிட்டான் என்று சொன்னேன். குழாயடியில் சொன்னேன், படகில் சொன்னேன், கிடங்கில் முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. மூன்று மாதத்தில் யாரோ காட்டிக்கொடுத்து, அவனைப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தது நான் இல்லை அண்ணா. ஆனால் அவன் பெயரை ஊர் வாயில் போட்டது நான்தான்.

இனி ஊருக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் கோ தெயின் கொண்டுவந்த பொட்டலம் உள்ளங்கையில் அடங்கியது. பிரித்தேன். பச்சையாக, கையில் ஒட்டுகிற மாதிரி மொட்டு மொட்டாகப் பூ. ஒரு விதை இல்லை, ஒரு குச்சி இல்லை. மாங்காய்ப் பாலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி நெடி. என் புத்தி எங்கே போனது தெரியுமா? வழக்கமான விலையை வாங்கிக்கொண்டு கால் டப்பா சரக்கைத் தலையில் கட்டுகிறான் என்றுதான் போனது.

"என்ன கோ தெயின், சாமி சரக்குலயும் கை வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். பேசியது பர்மியத்தில்தான், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இது வேற விதை, மா செல்லம். எல்லைக்கு அந்தாண்ட இருந்து வருது. ஆண் செடியைப் பிடுங்கிப் போட்டுர்றாங்க. பெண் செடி காய் பிடிக்காம சத்தெல்லாம் பூவுலயே நின்னுடுது. உங்க அண்ணனுக்கு இது போதும், இதுலயும் பாதி போட்டா நல்லது" என்றான்.

ஆம்பளையைப் பிடுங்கிப் போட்டால் பொம்பளைக்குச் சத்து கூடுமாமே, இதை அண்ணியிடம் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை நம்பவில்லை. அளவைக் குறைத்து விற்கிறவன் எவன்தான் இது ஒஸ்தி, இதுவே போதும் என்று சொல்லமாட்டான்? பயறு வியாபாரியும் அதைத்தான் சொல்கிறான். டப்பாவை அவன் முன்னால் நீட்டி, "இது நிறையணும்" என்றேன்.  அவன் இன்னும் மூன்று பொட்டலம் எடுத்து நிரப்பினான்.

வீட்டில் முறத்தில் கொட்டிப் பார்த்தால் பொறுக்க ஒன்றுமே இல்லை. அவ்வளவும் பூ. கல்லே இல்லாத பயறு கிடைத்த மாதிரி எனக்கு ஒரே பெருமை. ஏமாறாமல் வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே அலசி, வதக்கி, உருட்டினேன். ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். ஒன்பது வருஷமாக நான் ஊரைச் சந்தேகப்பட்டதெல்லாம் யாரும் என்னைச் சந்தேகப்படாமல் இருக்கத்தானோ? நீதான் சொல்லேன்.

சரவணனுக்கு இந்தத் தடவை பிளாஸ்டிக் பையில் ஒரு சரக்கு வந்திருக்கிறது. அவன் கூட்டாளி யாரோ வாங்கிக் கொடுத்தானாம். முன்னதைவிட இறுகின மொட்டு, மேலே உப்புத் தூவிய மாதிரி வெள்ளை. பையைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை வீடு முழுக்க ஏறியது. "அத்தை, அப்பா சாப்பிட்ட அளவு. ஒரு டப்பா. குறைக்காதீங்க" என்று தட்டுத் தடுமாறித் தமிழிலேயே கேட்டான். உன் டப்பாவை அவனே கழுவிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

 அந்தப் பையை முந்தானையில் முடிந்துகொண்டு படகுத்துறைக்குப் போனேன். கோ தெயின் இப்போது வயசாகி, பெரியவர்களை அழைக்கிற முறையில் ஊ தெயின். சிறையில் இருந்துவிட்டு வந்து அங்கே சைக்கா என்கிற மூன்று சக்கர வண்டி மிதிக்கிறார். முடி முழுக்க நரைத்து, முன்பல் இரண்டு போய்விட்டது. இரண்டு வருஷமாக அந்த வழியாக வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

அவர் பையை வாங்கவே இல்லை. நான் விரித்துக் காட்ட, குனிந்து மோந்தார்.

"இது நான் கொண்டுவந்ததுக்கும் அப்பன். நகத்துல கிள்ளின அளவே அதிகம். யாருக்கு?"

"அண்ணன் மகனுக்கு."

பையை மூடச் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம். அப்போதும் பழியை அவர் தலையில் வைக்கத்தான் பார்த்தேன்.

"அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னேன், மா செல்லம். நீ டப்பாவை நீட்டினே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, வெயிலில் நிற்காதே, ஏறிக்கொள், வீட்டில் விடுகிறேன் என்றார். ஏறினேன் அண்ணா. வழியெல்லாம் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இது ஊ தெயினுக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு உருண்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனதும் நீ நிறுத்தினாய். "செல்லம், வாசனை வேற மாதிரி இருக்கே?" என்றாய். வாழ்க்கையில் எதையும் சந்தேகப்படாத நீ ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டாய். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், "சாமி காரியத்துல சந்தேகப்படாதே, சாப்பிடு" என்றேன். நீ சாப்பிட்டாய்.

வெள்ளிக்கிழமை இதைக் கோயில் வாசலில் வாசிப்பேன். ஊ தெயினை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் காது கேட்க, அவருக்கு விளங்கப் பர்மியத்திலும், அவர் மேல் குற்றமில்லை என்று உன் மகனிடமும் அண்ணியிடமும் ஊரிடமும் சொல்வேன். அதன்பிறகு அண்ணி என் முகத்தில் விழிப்பாளா தெரியாது. சரவணனுக்கு வெல்லமும் தேங்காயும் மட்டும் போட்டுத்தான் உருண்டை பிடிப்பேன். படைக்கும் முன்னால், எல்லோரும் பார்க்க, முதல் வாய் நான் கடிப்பேன். எச்சில் என்று முனிக்குக் கோபம் வந்தால் என் மேல் இறங்கட்டும். அப்போதும் உன் பிள்ளை அதை மோந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவன் கையில் கொடுக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் சத்தியம்.

சந்தேகப்படாதே என்று உன்னிடம் மட்டும் சொல்லிச் சாப்பிடவைத்த தங்கை,
செல்லம்