இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு

போன வாரம் உன் மகன் என் வீட்டுக்கு வந்திருந்தான். நகைக்கடைத் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, காபி குடித்து முடிக்கும்வரை எதற்கு வந்தான் என்றே சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பையை நீட்டினான். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க. ஆஸ்பத்திரியில இருக்கறப்ப ரெண்டு மூணு வாட்டி சொன்னாருங்க" என்றான். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. உள்ளே அந்த எல்.பி. ரெக்கார்டு இருந்தது.

அட்டையில் அதே நான்கு பையன்கள், தோள்வரை முடியோடு, மரவேலியில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். ஒருவன் கையில் மவுத் ஆர்கன். நம் ஊரில் அதற்கு 'வேலிப் பசங்க ரெக்கார்டு' என்றுதான் பெயர். ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது. பின்பக்கம் உன் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்ப் மங்கலாகத் தெரிகிறது. உன் மகனிடம் நன்றி சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் உன்னை 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். உன்னைவிட நான் பதினோரு மாதம்தான் சின்னவன். ஆனாலும் நீ இருந்தவரை வாங்கண்ணா, போங்கண்ணா என்றே பேசினேன். நீ என்னை 'டா' போட்டாய். சிநேகிதத்தில் போடுகிறாய் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நீ ஊர், நான் காலனி. அந்தப் பேச்சை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் எடுத்ததில்லை. உன் சாவுக்கும் நான் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வரவில்லை, அவ்வளவுதான்.

தட்டைப் போட்டுக் கேட்க என் வீட்டில் பிளேயர் கிடையாது. மகள் அட்டையைப் போட்டோ எடுத்து போனில் தேடினாள். ஒரு நிமிஷத்தில் மொத்தப் பாட்டும் வந்துவிட்டது. அறுபதுகளில் வந்த ஃபோக் ராக் ஆல்பங்களில் இது பெரிய ஆல்பமாம். கிராமத்துப் பாட்டையும் கரண்ட் கிதாரையும் இவர்கள்தான் அழகாகச் சேர்த்தார்களாம். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் வாசித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு அது மைக் டெஸ்ட் ரெக்கார்டு.

பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு கட்டு ரெக்கார்டு வாங்கி வந்தாய். சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் இதுவும் தப்பித் தவறி வந்துவிட்டது. தூக்கிப் போடாமல் நீ வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி டெஸ்ட் பண்ண வேண்டும். சினிமாப் பாட்டைப் போட்டால் அந்த நடிகனுக்கு ஆகாதவன் சண்டைக்கு வருவான். கட்சிப் பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாமிப் பாட்டைப் பாதியில் நிறுத்தினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். "இங்கிலீஷ் பாட்டுக்கு நம்மூர்ல சொந்தக்காரன் எவனும் இல்லடா" என்பாய். அதனால் பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி எந்த ஊரில் காதுகுத்து, சீர் என்றாலும் முதலில் வேலிப் பசங்கள்தான் பாடினார்கள். முதல் பக்கத்தின் முதல் பாட்டு, ஒரு அரை நிமிஷம். அதைக் கேட்டதும் செட்டு வந்துவிட்டது என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும்.

மீதிப் பாட்டையெல்லாம் கேட்டவர்கள் நீயும் நானும் மட்டும்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் உன் நிலத்தில் இருந்த செட்டுக் கொட்டாயில், மத்தியான நேரத்தில், ஒயர் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டோம். அட்டைக்குள் பாட்டு வரிகளை அச்சடித்த ஒரு தாள் இருந்தது. மிஷன் ஹாஸ்டலில் படித்த எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உனக்குச் சொன்னேன். உன் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் எனக்குப் பாட்டு இல்லை, நான் இல்லாமல் உனக்கு அர்த்தம் இல்லை. அந்த இரண்டு வருஷத்தைவிட நல்ல நேரம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. அதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு நினைவிருக்கிறதா? கறுப்பர்களைப் பஸ்ஸில் பின்னால் உட்கார வைத்த அநியாயத்தைப் பற்றி அந்தப் பையன்கள் கோபத்தோடு பாடுவார்கள். நான் அர்த்தம் சொல்லி முடித்ததும் உனக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுசனுக்கு மனுசன் இப்பிடிப் பண்ணுவாங்களாடா?" என்று என்னிடமே கேட்டாய். நான் "ஆமாங்கண்ணா" என்றேன். கொட்டாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் உன் வீடு. அந்த இரண்டு வருஷத்தில் அதன் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. உனக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நானாக உன்னிடம் கேட்கவில்லை. நீதான் சொன்னாய். "செட்ட நானே கொண்டாந்து கட்டறன்டா. உன் தங்கச்சின்னா எனக்கு யாரு? அன்னிக்கி டெஸ்டுக்கு நம்ம பாட்டு போடறன் பாரு" என்றாய். நம்ம பாட்டு என்றால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. மவுத் ஆர்கன் மட்டும் தனியாக ஆரம்பித்து, அப்புறம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் தெருவில் அதுவரை யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டியதில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பிய பிறகு பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். களை எடுக்கப் போன இடத்தில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். குழாய் கட்ட வேப்பமரத்தில் எந்தக் கிளை என்றுகூட அவள்தான் தீர்மானித்தாள்.

பத்து மணிக்குக் கல்யாணம். விடியும்போதே வருவதாகச் சொன்ன நீ ஏழு மணிவரை வரவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரையில் பாதி வந்திருப்பேன், கொட்டாய்ப் பக்கமிருந்து மவுத் ஆர்கன் கேட்டது. நம்ம பாட்டு. டெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறாய், கட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாய் என்று பெடலை மிதிக்காமல் நின்று கேட்டேன். இரண்டாவது குரல் சேரும் இடத்தில் பாட்டு நின்றுபோனது.

நான் வந்து சேர்ந்தபோது உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ கொட்டாய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய். "ஆம்ப் ரிப்பேருடா. ரெண்டு நாளாவே தருமபுரியில கெடக்குது. சொல்லி அனுப்பலாம்னுதான் இருந்தன்" என்றாய். உன் தோளுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர்மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. மெல்லிய துண்டு. உள்ளே எரிந்த சிவப்பு விளக்கு தெரிந்தது.

"எங்கப்பா வேண்டாங்கறாருடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாததா? தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன், ஆனால் உன்னை வெறுத்திருக்க மாட்டேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னாய். நானும் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "சரிங்கண்ணா, பரவால்லீங்க" என்றேன். அந்த 'பரவால்லீங்க'வை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே பொய்யைச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேராம், இரண்டு நாளாகத் தருமபுரியில் கிடக்கிறதாம், அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார் என்றேன். வருத்தப்பட்டாய் என்பது நான் என் பங்குக்குச் சேர்த்தது. அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம், "பாவம், அந்தத் தம்பிதான் என்ன பண்ணும்? மிசினு கெட்டா கெட்டதுதான்" என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டாள். கல்யாணம் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு டிரான்சிஸ்டரைப் பந்தல் காலில் மாட்டினான்.

இத்தோடு நின்றிருந்தால் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்காது. மூன்று மாதம் கழித்து நான் மறுபடியும் உன் கொட்டாய்க்கு வந்தேன். நீ கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அந்தப் பாட்டைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. "எங்கடா, ஆளையே காணோம்" என்று சொல்லி ரெக்கார்டைப் போட்டாய். வேலை கிடைத்து நான் தருமபுரிக்கு வரும்வரை, இன்னும் ஒன்றரை வருஷம், அதே இடத்தில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டோம். கல்யாணத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியாக உன்னைப் பார்த்தது தருமபுரி பஸ் ஸ்டாண்டில். டீ வாங்கிக் கொடுத்தாய். "அந்தத் தட்ட இன்னும் வெச்சிருக்கறன்டா" என்றாய். மேலே ஏதோ சொல்ல வந்தவன்போல டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் "அப்பிடிங்களாண்ணா" என்றேன். சேலம் பஸ் வந்தது, ஏறிவிட்டாய்.

இந்த வாரம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்டுப்போயிருக்கும், சின்ன வயசில் ஏதோ மயக்கம் என்று ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஆகியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கெடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் கீறல் விழுந்து ஊசி தாண்டிப் போகுமே, அந்த இடத்தில் என்ன பெரிய விஷயம் இருக்கிறதோ என்று எத்தனை நாள் பேசியிருப்போம். ஒன்றும் இல்லை. சும்மா 'ம்ம்' என்று ஹம்மிங் பண்ணுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து தங்கச்சி வந்தாள். அவளுக்கும் இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. மேஜைமேல் தட்டைப் பார்த்ததும் யாருடையது என்று கண்டுகொண்டாள். நாற்பது வருஷம் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் ஆகவில்லை, நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியுமேண்ணா" என்றாள். "அன்னிக்கி எனக்குத் தலை பின்னிட்டிருந்தாங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டுது. எப்பவும் போடற பாட்டு இல்ல, வேற பாட்டு. அம்மா வெளிய ஓடி, 'செட்ட டெஸ்ட் பண்றாங்க, வந்துருவாங்க'ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு நின்னுது. அப்பறம் பாட்டு நின்னு போச்சு. நீ வந்து ரிப்பேருன்னு சொன்ன."

அப்புறம் ஏன் யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றேன். வீட்டில் இருந்த சத்தத்தில் அந்தப் பாட்டு யார் காதிலும் விழுந்திருக்காது என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

"நான் கேக்கறன்னுதான் சொன்னன். ஆடிக்கு நம்ம வூட்டுக்கு வந்தப்ப நீ மறுக்காவும் அங்க போறன்னு தெரிஞ்சுது. எனக்கு அப்பிடிக் கோவம். அம்மாதான் என் கையப் புடிச்சு நிறுத்துச்சு. 'அவங்கிட்ட எதுவும் கேக்காத. கேட்டா அங்க போறத விட்டுருவான். அவனுக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல'ன்னுச்சு."

தட்டை மகன் கையில் கொடுத்தனுப்பினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நீ நினைத்தாயோ என்னவோ. உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தவனை மன்னிக்காமல் இருக்கக்கூடாது என்று மகள் சொல்கிறாள், அது அவள் காலம். நீ ஏமாற்றியது என்னை என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். வேப்பமரத்தடியில் எல்லோரும் பார்க்க நின்று, பாட்டு நின்றுபோனதைக் கேட்டவள் அம்மா. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தாள். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துகொண்டே பதினெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டாள். உன் பேச்சை எப்போது எடுத்தாலும் பாவம் அந்தத் தம்பி என்றே சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டேன். நீயாவது கடைசியில் ஒரு தட்டைக் கொடுத்தனுப்பினாய். அவளுக்கு நான் எதை, யாரிடம் கொடுத்தனுப்புவேன்?