சட்டைப்பின் சபை

மச்சான்,

எதையும் முதலில் வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. நீ சிரிப்பாய். சிரி.

1. நீ என் சட்டையைக் கிழிக்கச் சொன்னது.
2. பள்ளிமுனை மண்டபத்தில் நடந்தது.
3. எனக்கு இன்றுவரை உரத்துக் கத்த வராது என்பது.

இன்று காலை உன் ஆண்டுப் பூசைக்குப் போக அலுமாரியில் வெள்ளைச் சட்டை தேடினேன். விரலில் ஏதோ குத்தியது. அந்தப் பழைய சட்டை. நெஞ்சுக் கிழிசலில் துருப்பிடித்த சட்டைப்பின்.

இளவயதில் லண்டனில் கோப்பை கழுவிய நாட்களில் நீ கேட்டு மயங்கிய பங்க் இசையை, நாற்பது வருடம் கழித்து மன்னாருக்குக் கொண்டுவந்தாய். உனக்குப் பாட்டும் கிற்றாரும். முருங்கனில் நெல் வியாபாரம் செய்த நம் கந்தையாவுக்கு ட்ரம்ஸ். கோயில் பாடகர் குழுவில் இருந்த எனக்கு பேஸ் கிற்றார். கோயிலில் எத்தனையோ சபைகள் இருக்க, நமக்கும் ஒன்று வைத்தாய்: சட்டைப்பின் சபை. "பகிடிதான் மச்சான். ஆனா பகிடியை வடிவாச் செய்யோணும்" என்றாய்.

அந்தக் காலத்து லண்டன் பெடியள் போல, சட்டையைக் கிழித்துக் கிழிசலில் சட்டைப்பின் குத்த வேண்டுமாம். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்தேன். "டேய், இது கிழிசல் இல்லையடா, பொக்கற்!" என்று கந்தையா உருண்டு சிரித்தான்.

உன் கவலை வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஒருவன் ஒன்று முதல் நாலு வரை ஆங்கிலத்தில் கத்த வேண்டும். அது என் வேலை என்று முடிவு செய்துவிட்டாய். ஒத்திகையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கந்தோரில மெல்லமாக் கதைச்சே பென்சன் எடுத்திட்டாய். ஒருக்காக் கத்து. நீ கத்தாட்டி நான் தொடங்கமாட்டன்."

சொன்னபடியே செய்தாய். திருநாள் கலைநிகழ்ச்சியில் மண்டபம் நிறையக் கடற்தொழிலாளர்கள். நீ என்னைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் பேஸ் கிற்றார் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பாவம், கிழவனுக்கு மறந்துபோச்சு" என்றார் முன்வரிசையில் ஓர் அம்மா.

"பாவம், உடுப்பும் கிழிஞ்சுபோச்சு" என்றது பின்வரிசை.

மண்டபம் சிரித்தது. பழகிய ஆங்கிலம் எல்லாம் பறந்துபோக, "ஒண்டு! ரெண்டு! மூண்டு! நாலு!" என்று கத்திவிட்டேன்.

எண்ணி எண்ணி வள்ளம் தள்ளுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ஐஞ்சு!" என்று மண்டபமே திருப்பிக் கத்தியது. கந்தையா ட்ரம் குச்சியைத் தவறவிட்டான். நீ என் காதில், "லண்டனில ஒருத்தனுக்கும் இது கிடைக்கேல்லையடா" என்றாய். அதன் பிறகு நாம் வாசித்தது இசைதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். உனக்கு இருக்கவில்லை. அன்றுபோல நீ சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

போன வருடம், கோயிலிலிருந்து சேமக்காலைக்குக் கொண்டுபோக உன் சவப்பெட்டியைச் சுற்றி ஆட்கள் குனிந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. நீ மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது எனக்கு.

"ஒண்டு! ரெண்டு! மூண்டு! நாலு!"

பங்குத்தந்தை திடுக்கிட்டுத் திரும்பினார். உன் தலைமாட்டில் குனிந்திருந்த கந்தையா, உடைந்த குரலில், "ஐஞ்சு" என்றான். நீ எழும்பினாய்.

பின்னைக் கழற்றவில்லை. பூசைக்கு இந்தச் சட்டையோடுதான் போகிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.