டேப் ஒட்டாத பெட்டிகள்

நவம்பர் 19
மன்னித்துக்கொள், எத்தோரே. இந்நேரத்தில் விளக்கைப் போட்டு உன் தூக்கத்தைக் கெடுக்கிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, தூங்குகிற கணவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

இன்று இவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். முட்டி தேயும்வரை கால்பந்து அணியின் பின்களத்தில் நின்று தடுத்தவன். பயிற்சியாளனாகி முதல் பனிக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. கழகத் தலைவர் கஸ்தால்தி போனிலேயே முடித்துவிட்டார்.

"பெட்டி கட்டட்டுமா?" என்றேன்.

"கட்டு. டேப் ஒட்டாதே" என்றான் எத்தோரே.

அதுதான் இங்கே வழக்கம். ஜூன் வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். புதிதாக வந்தவர் தோற்றால், துரத்தியவனையே திரும்பக் கூப்பிடுவார்கள். அதுவரை காத்திரு.

டிசம்பர் 3
அங்கோனாவில் மருந்துக்கடை வேலை கிடைத்திருக்கிறது. நான் படித்த படிப்புக்கான வேலை, அம்மா வீட்டுக்குப் பக்கம். மார்ச்சில் சேர வேண்டும். "போலாம். எனக்குக் கால்பந்து போதும்" என்றான் எத்தோரே. சொல்லும்போதே கை சட்டைப்பையிலிருந்த போனைத் தடவியது.

டிசம்பர் 4
குழந்தை லீவியாவுக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

ஜனவரி 14
புது மிஸ்டர் — பயிற்சியாளரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள் — பெர்லாந்தா தோற்றுக்கொண்டே இருக்கிறார். காபிக்கடைத் தூல்லியோவுக்கு எத்தோரே இன்னும் மிஸ்டர்தான்.

"மிஸ்டர், போனுக்கு சார்ஜ் போட்டு வைங்க."

"எதுக்கு? உன் காபியைக் குடிச்சிட்டு டாக்டரைக் கூப்பிடவா?"

வெளியே வந்ததும் விசிலடித்தான். இவன் தேய்த்து மெருகேற்றிய பையன்கள் தோற்கிறார்கள், இவன் விசிலடிக்கிறான். நான் மட்டும் என்ன? குழந்தையை ஆட்டிக்கொண்டே, பெர்லாந்தா ஜெயிக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டுகிறேன். ஜெயித்துவிட்டால் இவனைக் கூப்பிடமாட்டார்கள். என்ன ஜென்மங்கள் நாங்கள்?

பிப்ரவரி 8
இன்று மாட்டிக்கொண்டேன். டிவியில் ஆட்டம். கடைசி நிமிடத்தில் நம் அணி — அவர்கள் அணி — கோல் போட்டது. துள்ளி எழுந்து கை தட்டிவிட்டேன். எத்தோரே மெதுவாகத் திரும்பினான்.

"சேம் சைட் கோல் போடுறியே, மிலேனா."

"உன் பசங்க ஜெயிச்சதுக்குத்தானே தட்டினேன்."

"பொய். எவன் எந்தப் பக்கம் ஓடப்போறான்னு காலைப் பாத்தே சொல்றதுதான் என் பிழைப்பு. நீ அங்கோனாவுக்கு ஓடுற."

ஆமா, ஓடுறேன்தான். "அவங்க தோக்கணும்னு நீ உக்காந்திருக்கே, ஜெயிக்கணும்னு நான் உக்காந்திருக்கேன். இது ஒரு வீடா?" என்று கேட்டேன். டிவியை அணைத்தான்.

பிப்ரவரி 23
நேற்று மறுபடி தோல்வி. இன்று மதியம் கஸ்தால்தி கூப்பிட்டார்.

பாஸ்தா வெந்துகொண்டிருந்தது. மணி அடிக்க அடிக்க எத்தோரே போனை எடுக்காமல் என்னையே பார்த்தான். வேண்டாமென்று நான் தலையசைத்திருந்தால் எடுக்காமலே விட்டிருப்பான், தெரியும்.

"எடு" என்றேன்.

ஏன் சொன்னேன்? அந்தக் கண்களோடு இவனை அங்கோனாவுக்குக் கூட்டிப் போய் நான் என்ன செய்ய?

"வரேன்" என்று அவன் பேசி முடிப்பதற்குள் பாஸ்தா குழைந்துவிட்டது. அதையே தின்றோம். பிறகு என் பெட்டிகளுக்கும் லீவியாவின் பெட்டிக்கும் மட்டும் டேப் ஒட்டினேன்.

ஏப்ரல் 27, அங்கோனா
ஞாயிறு. மருந்துக்கடையில் என் முறை. எத்தோரேவின் அணிக்குக் கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கலாம். கல்லாவுக்குக் கீழே போனில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கோலே இல்லை. கடைசி விசில் ஊதியதும், இருமல் மருந்துக்கு வந்த பெரியவரை நிற்க வைத்துவிட்டுக் கை தட்டினேன்.

"யாரும்மா ஜெயிச்சா?"

"யாருமில்லைங்க. நாங்க தோக்கல, அவ்வளவுதான்."

"அதுக்கா இந்தக் கைதட்டு?" என்று இருமினார்.

எத்தோரே, இந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். கஸ்தால்தி இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறாராமே, பேப்பரில்தான் படித்தேன். லீவியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உன் பெட்டிகளை அங்கேயே பிரிக்கப்போகிறாயா, டேப் ஒட்டி இங்கே அனுப்பப்போகிறாயா? எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடு.