வாய் வைக்க வேண்டாத நாடா

ஜூன் 12, 1996. புதன்.

விடியும் முன்பே மழை. வலியசாலை முக்கில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடை. தறி ஷெட்டுக்குப் போகும்போது ஐந்து ஐம்பத்தைந்து. ஆறு மணி ஷிப்டில் என்னையும் ஓமனச் சேச்சியையும் தவிர எல்லாரும் லேட். மழையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

வாங்க வேண்டியது: உளுந்து அரைக் கிலோ, தீப்பெட்டி, டார்ச்சுக்கு இரண்டு பேட்டரிக் கட்டை. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

எட்டாம் நம்பர் தறியில் என் வீட்டுக்காரர் மு. நேற்று விட்டுப்போன பேண்டேஜ் துணி. கரை நேராக இருந்தது. வீட்டை விட்டுப் போன மனுஷன், துணிக்கரையை மட்டும் கோணலாக விடமாட்டார்.

அந்தத் தறியைக் கேட்டு வாங்கியதே நாங்கள்தான். கல்யாணமான புதிதில் சங்கத்து செகரட்டரி முன்னால் இரண்டு பேரும் போய் நின்றோம். காலை ஷிப்டு எனக்கு, மாலை ஷிப்டு அவருக்கு, தறி ஒன்றாகவே இருக்கட்டும் சார் என்று. பிள்ளை பிறந்தால் ஒருத்தர் வீட்டில் இருக்கலாமே என்ற யோசனை. பிள்ளை பிறக்கவில்லை. பிப்ரவரியில் மு. பையைத் தூக்கிக்கொண்டு பாலராமபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது தறி ஒன்றுதான். இரண்டு மணிக்கு அவர் முன்வாசல் வழியாக வருவார். நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன்.

பிறகு அந்த நாடா. தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும், படகு மாதிரி இருக்கும் மரக்கட்டை. உள்ளே நூல் சுற்றிய குச்சியான தார் தீர்ந்ததும் புதுத் தாரைச் செருகி, மூக்கில் இருக்கும் பீங்கான் துளையில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் துளை வழியே வெளியே வந்துவிடும். ஷிப்டு முழுக்க இதே வேலை. பகலில் என் வாய், மாலையில் அவர் வாய்.

அவர் போன முதல் இரண்டு மாதம், காலையில் வந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் அந்தத் துளையை அழுத்தித் துடைப்பேன். சித்திரைக்குப் பிறகு துடைப்பதில்லை. ஏன் என்று எழுதமாட்டேன்.

எழுதினால்தான் என்ன. சங்கத்தில் சும்மா கொடுத்த டைரி, யார் படிக்கப் போகிறார்கள். பீடி மணம் இருக்கும். எனக்காக விட்ட பீடி, என்னை விட்டதும் திரும்பப் பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டே வாய் வைப்பேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு அது போதும்.

மூன்று வாரமாகப் பீடி மணமும் இல்லை. யாருக்காக விட்டாரோ.


ஜூன் 14, வெள்ளி.

மழை விட்டு வெயில். துணி உலர்ந்தது.

கோயம்புத்தூரிலிருந்து புது நாடா வந்திருக்கிறது. மூக்கில் பீங்கான் துளைக்குப் பதில் ஒரு பித்தளைத் துண்டு. மேலே வெட்டுப் போல ஒரு பள்ளம், உள்ளே ஒரு வளைவு. ஃபிட்டர் தங்கையன் அண்ணன் எல்லாரையும் கூட்டி வைத்துச் செய்து காட்டினார். நூலைப் பள்ளத்தில் படுக்க வை, ஒரு சுற்றுச் சுற்றி இழு, அதுவே போய்த் துளையில் விழும். வாயே வேண்டாம். பெயர் கைடு. சீக்குப் பரவுகிறது என்று மேலிடத்தில் சொன்னார்களாம். முதலில் நாலு எண்ணம்தான் வந்திருக்கிறது, மற்றது அடுத்த மாதம்.

ஓமனச் சேச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நூல் உரசி உரசி முன்பல்லில் தடமே விழுந்திருக்கிறது அவளுக்கு. "எடீ, என்றெ பல்லு ரட்சப்பெட்டு" என்று, பல் பிழைத்த சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் மட்டும் குற்றம் சொன்னேன். நூல் நழுவும். இழை அறும். பித்தளை சூடாகும். பேண்டேஜ் நூலுக்கு இது சரிப்படாது. தங்கையன் அண்ணன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பல் போகிற வேலைக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று நினைத்திருப்பார். வாங்கத்தான் செய்வேன். என் பல், என் வாய்.

இந்த வாயைப் பற்றிப் பேசினால் பிப்ரவரியைப் பற்றியும் எழுத வேண்டும். நாலு மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டது.

ஏழு வருஷம் நான் மலடி என்ற பேரைச் சுமந்தேன். மூன்று வருஷம் முன்பே டாக்டர் இருவரையும் பரிசோதித்து, குறை அவரிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது மு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். சரி என்றேன். ஊர் என்னைச் சொன்னால் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். நிஜமாகவே இருந்தேன்.

பாலராமபுரத்து மதினியின் பேத்திக்குக் காதுகுத்து. ஆரத்தித் தட்டை எடுக்கப் போனேன். மதினி என் கையிலிருந்து வாங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்தார். சத்தம்கூடப் போடவில்லை, உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பது போல. அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்துவிட்டது. குறை என்னிடம் இல்லை, உங்க தம்பியிடம்தான், பேப்பர் இருக்கு என்று. இருபது பெண்கள். பந்தலுக்கு வெளியே ஆண்கள். மு. தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

திட்டவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். மறுநாள் பை.

நுணலும் தன் வாயால் கெடும். அம்மா அடிக்கடி சொல்வாள், எனக்கென்றே சொன்னது மாதிரி.


ஜூன் 17, திங்கள்.

வேலைக்குப் போகும்போதே தலைவலி. அமிர்தாஞ்சனம் தீர்ந்துவிட்டது.

முதல் கைடு எங்கள் தறிக்கு. ஆறரைக்கே தங்கையன் அண்ணன் சாக்கோடு வந்து நிற்கிறார், பழைய நாடாவைப் போட. ஷெட்டில் பன்னிரண்டு தறி இருக்கையில் எட்டாம் நம்பர் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன்.

"உம் மாப்பிளதான் கேட்டான் மக்கா. செகரட்டரி ரூமுக்கே போயி, எந்தத் தறிக்கு இல்லாட்டியும் எட்டுக்கு மொதல்ல போடணும்னு நின்னான்."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை.

அருவருப்பு. வேறு என்ன. நான் வாய் வைத்த இடத்தில் வாய் வைக்க அவருக்குக் குமட்டுகிறது. நாலு மாதமாகச் சகித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான்தான் கிறுக்கி மாதிரி அதையே பிரசாதமாக வைத்துக்கொண்டு.

பழைய நாடா கீறல் விட்டு எங்கேயோ கிடக்கிறது, நாளைக்குத் தேடித் தருகிறேன் என்று தங்கையன் அண்ணனிடம் பொய் சொன்னேன். கைடு நாடாவைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். பழையதில்தான் ஓட்டினேன். இன்று துணியில் மூன்று இடத்தில் இழை விட்டிருக்கிறது. வெளியே மழை, உள்ளே அழுகை. யாருக்கும் தெரியவில்லை, பஞ்சுத் தூசிக்கு எல்லாருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

சாப்பிடவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.


ஜூன் 18, செவ்வாய்.

இன்று பின்வாசல் வழியாகப் போகவில்லை. இரண்டு மணிக்குத் தறிப்பக்கமே நின்றேன்.

வந்தார். மெலிந்திருக்கிறார். சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு ஐந்தடி தள்ளியே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மூச்சுக்குக்கூடத் துண்டா. என் வாய் பட்டது அவ்வளவு அருவருப்பு என்றால் ஷிப்டை மாற்றிக் கேட்க வேண்டியதுதானே, கைடு எதற்கு என்று கேட்டேன். நினைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் கேட்டேன்.  அப்புறம் அவர் இப்படிச் சொன்னார்.

"ஏட்டி கிறுக்கி. எனக்குச் சளியில பூச்சி இருக்காம். டி.பி. மூணு வாரமா மருந்து சாப்பிடுதேன். மொதல்லல்லாம் நாடாவுல மண்ணெண்ண மணம் வரும். அப்புறம் நின்னுபோச்சு. நீ தொடைக்காமத்தான் வாய் வைக்கன்னு எனக்குத் தெரியும். அதான் நம்ம தறிக்கு மொதல்ல கேட்டேன்."

நம்ம தறி என்றார்.

பீடி மணம் நின்றது அதனால்தான். யாருக்காகவும் விடவில்லை, இருமலுக்காக விட்டிருக்கிறார். நான் எவளையோ நினைத்து மூன்று வாரம் வயிறெரிந்தேன்.

வீட்டுக்கு வாங்க, நான் பார்த்துக்கிறேன் என்றேன். கஞ்சி, முட்டை, மருந்து எல்லாம் வேளைக்கு வரும். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் காலில் விழக்கூடத் தயார், ஷெட்டு என்றும் பார்க்கமாட்டேன், அப்படியே சொன்னேன். அன்றைக்குச் சொன்னதை மன்னிக்க முடியாதா என்று கேட்டேன்.

"நீ சொன்னது பொய்யா இருந்தா என்னைக்கோ வந்திருப்பேன்" என்றார்.



பழைய நாடாவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். துண்டால் பிடித்து வாங்கி, அவரே கொண்டுபோய்ச் சாக்கில் போட்டார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடு, ரிசல்ட்டை என்னிடம் வந்து சொல், தள்ளிப்போடாதே என்று மூன்று தடவை சொன்னார். பிறகு தறியை ஓட்டிவிட்டார்.


ஜூன் 20, வியாழன்.

நேற்றும் இன்றும் அரை நாள் லீவு. சளிக்கு நேற்று ஒரு டப்பா, இன்று காலை எழுந்தவுடன் ஒரு டப்பா. ரிசல்ட் சனிக்கிழமை.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. விழிஞ்ஞத்துக்காரர்கள். இரண்டு பேருக்கும் சீக்கு. ஒரே சீட்டு, ஒரே கவர், சிவப்பு மாத்திரையை அவள் எண்ணி அவன் கையில் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் அவளுக்குக் கொடுத்தான். அரை மணி நேரம் வேறு எதையும் பார்க்கவில்லை நான்.

எனக்கும் இருந்தால்? ஆறு மாதம் மருந்து. இதே வரிசை. ஐந்தடி தள்ளி நிற்க வேண்டாம். துண்டு வேண்டாம். சீக்குக்காரிக்கும் சீக்குக்காரனுக்கும் இடையில் மானம் என்ன, ரோஷம் என்ன. என்னால்தான் உனக்கு வந்தது என்று மனசு கேட்காமல் வந்துவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

திரும்பும்போது பிள்ளையார் கோயிலுக்காகப் பழவங்காடியில் இறங்கினேன். தேங்காய் ஒன்று வாங்கினேன். எல்லாரும் தடை நீங்க உடைக்கிறார்கள். நான் சீக்கு வர உடைத்தேன். பிள்ளையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

இதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு மேல் வேலை. கைடு நன்றாகத்தான் ஓடுகிறது. நூல் நழுவவில்லை, அறவில்லை, பித்தளை சூடாகவில்லை. நான் சொன்ன குற்றம் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஒவ்வொரு தாருக்கும் கை தன்னால் நாடாவை வாய்வரை தூக்குகிறது. பிறகு நினைவு வந்து இறக்குகிறது.

வாங்கியது: அமிர்தாஞ்சனம், முட்டை ஆறு. முட்டை எதற்கு வாங்கினேன், வீட்டில் நான் ஒருத்திதானே.


ஜூன் 22, சனி.

மழை இல்லை. புழுக்கம்.

இன்று முழு லீவு. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டாள். பேப்பரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லா, கேட்டோ. சமாதானமாயி வீட்டில் போ" என்றாள். எக்ஸ்ரே எடுத்ததிலும் நெஞ்சு சுத்தமாம்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், முதுகைத் தடவினாள். அத்தனை நாள், அத்தனை தடவை அவர் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்தும் அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. பிள்ளையும் இல்லை, சீக்கும் இல்லை.

இரண்டு மணிக்கு ஷெட். முன்வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் அப்படி நின்றதில்லை. என்ன சொன்னாங்க என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

ஒண்ணும் இல்லையாம் என்றேன்.

துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். பிப்ரவரிக்கு அப்புறம் இப்போதுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். கண்கூடக் கலங்கியிருந்தது. நல்ல வேளை, நல்ல வேளை என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகுதான் சொன்னார். பஞ்சுத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஊரில், பணகுடியில், அவர் அண்ணன் கடையில் உட்கார்ந்த வேலை. மருந்து அங்கேயே கிடைக்குமாம். செகரட்டரியிடம் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார். என் ரிசல்ட் தெரியாமல் போக மனசு வரவில்லையாம், அதற்காகத்தான் இத்தனை நாள் இருந்தாராம்.

"உனக்கும் இருந்திருந்தா உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன். கூடவே இருந்திருப்பேன்லா" என்றார்.

நாளைக்குக் காலை பஸ்.

இருக்கு என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொல்லியே இரண்டு தடவை அவரை அனுப்பிவிட்டேன்.