தள்ளுவண்டிப் பாதை

8 ஏப்ரல் 2024, திங்கள்

பனி முழுதாகக் கரைந்துவிட்டது. இந்த ஊரை நம்பிக் கையுறைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மாலையில் இல்வாவோடு புது விளையாட்டுத் திடலுக்குப் போனேன். வாசலில் என் உயரத்துக்கு ஒரு பலகை: "எல்லோருக்குமான திடல்." நடுவில் தரையோடு தரையாக ஒரு ராட்டினம். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளலாம், நாற்காலியை மாட்டிவைக்கக் கொக்கிகூட உண்டு. குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ராட்டினம் உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் எட்டு வயது மகள்.

வாசலிலிருந்து ராட்டினம் வரை பன்னிரண்டு மீட்டர். பன்னிரண்டு மீட்டரும் கூழாங்கல்!

இரண்டாவது தள்ளலிலேயே இல்வாவின் நாற்காலியில் முன்சக்கரம் புதைந்தது. பின்னால் இழுத்தேன், பின்சக்கரமும் புதைந்தது. இல்வா கொஞ்ச நேரம் ராட்டினத்தையே பார்த்தாள். பிறகு, "அம்மா, பசிக்குது, போலாம்" என்றாள். மீன் உருண்டை சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பசியில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

10 ஏப்ரல், புதன்

நகராட்சிக்குத் தொலைபேசி. நாற்பது நிமிடம்.

ராட்டினம் விதிப்படி இருக்கிறதாம், சான்றிதழ் உண்டாம். அதுவரை போவது எப்படி என்று கேட்டேன். தரை அவர்கள் பிரிவு இல்லை, சாலைப் பிரிவாம். சாலைப் பிரிவில் கேட்டால், திடலுக்குள் இருப்பது சாலையே இல்லையாம். மறுபடி முதல் ஆளிடமே வந்து நின்றேன்.

"வழி அடுத்த கட்டத்துல வருதுங்க."

"அது எப்போ?"

"அடுத்த கட்டத்துலதாங்க."

குரலில் துளி எரிச்சல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கடிதமாக எழுதி அனுப்பிவிட்டேன்.

15 ஏப்ரல், திங்கள்

போடில் நல்லவள். திட்டப்போகிறேன் என்பதால் அதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். எங்கள் தெருச் சங்கத்தின் தலைவி. எந்த அறிவிப்பானாலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இயந்திரத்தில் விட்டு ஒட்டி, நான்கு மூலையிலும் ஊசி குத்தினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

இன்று கடை வாசலில் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போயிட்டா முடிஞ்சுது, இங்குன். இதுக்கு எதுக்கு இவ்வளவு கடுதாசி?"

இல்வா பக்கத்தில்தான் இருந்தாள். "நான் என்ன சோபாவா?" என்று கேட்டாள்.

போடில் சிரித்தாள். நானும் சிரித்தேன். இல்வா சிரிக்கவில்லை. நான் ஏன் சிரித்தேன்?

22 ஏப்ரல், திங்கள்

டுக்னாட் அறிவிப்பு வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை தெருவே கூடிக் கூலியில்லாமல் பொதுவேலை செய்யப்போகிறது. வராதவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அடுத்த வருடம்வரை மறக்கவும் மாட்டார்கள்.

பட்டியல்: வேலிக்கு வண்ணம். இலை அள்ளுதல். திடலில் கூழாங்கல் நிரப்புதல், ஒரு லாரி.

இருப்பது போதாதென்று இன்னும் ஒரு லாரி! அதற்குக் கீழே என் பெயர்: "வாஃபிள் — இங்குன்."

23 ஏப்ரல், செவ்வாய்

"கல் வேண்டாம்" என்று நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன். கடைசியில் "சரி, வாஃபிளுக்கு நான்" என்று அனுப்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

27 ஏப்ரல், சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வெயில், காபி, சிரிப்பு. வேலிக்குப் பக்கத்தில் மேசை போட்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். இல்வா வாசலில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே. லாரி வந்து கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. ஆளாளுக்கு அள்ளி இறைத்தார்கள். எவ்வளவு ஆசையாகச் செய்தார்கள்! ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. யார்மேல் கோபப்படுவது?

இதையும் எழுதியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், பழைய திடலில், இதே கல்லை நானும் இழுத்துச் சமன் செய்திருக்கிறேன். இல்வா அப்போது இடுப்பில் இருந்தாள், எதுவும் தெரியாத காலம். முடித்துவிட்டு, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பெருமையாக நின்றேன். அன்று வாசலில் எந்தக் குழந்தையாவது நின்றிருந்ததா? தெரியாது. நான் பார்க்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். கூரை வேலை செய்கிற ஹல்வார் தள்ளுவண்டி நிறையக் கல்லோடு உள்ளே நுழைந்தான். நான்கு அடி போயிருப்பான். வண்டியின் சக்கரம் கல்லில் புதைந்து நின்றது. தள்ளினான், இழுத்தான், முனகலாகக் கெட்ட வார்த்தை சொன்னான். "இந்தக் கல்லுல சக்கரம் எப்படிப் போகும்?" என்றான்.

யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. அவன் வேனிலிருந்து மரப்பலகைகளை இறக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து, வாசலிலிருந்து ராட்டினம் வரை அடுக்கிவிட்டார்கள். ஐந்து நிமிடம். ஒரு சுமை கல்லுக்காக!

நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனேன்.

"ஹல்வார், இப்போ கேட்டியே, அதை இன்னொரு தடவை சத்தமா கேளு."

அவனுக்குப் புரியவில்லை. நல்ல பிள்ளையாகத் திரும்பக் கேட்டான். "இந்தக் கல்லுல சக்கரம் எப்படிப் போகும்னுதானே..." பாதியில் அவன் கண் வாசலுக்குப் போனது. எல்லோர் கண்ணும் போனது. போடில் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

இல்வா பலகைமேல் ஏறி வந்தாள். ஹல்வார் வண்டியை அப்படியே கல்லுக்குள் கவிழ்த்துவிட்டு வழிவிட்டான். அவளே நாற்காலியைக் கொக்கியில் மாட்டினாள். எதிர்வீட்டுச் சிறுமி ஓஸ்னே ஓடிவந்து ராட்டினத்தைச் சுற்றிவிட்டாள்.

வாஃபிள் கரியாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

29 ஏப்ரல், திங்கள்

நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து படம் எடுத்தார். கல்மேல் அடுக்கிய பலகைகளை மாலைக்குள் எடுத்துவிட வேண்டுமாம். "யாராச்சும் தடுக்கி விழுந்துட்டா?" என்று கேட்டார்.

என் மகள் மூன்று வாரமாக வாசலிலேயே நிற்கிறாளே, அது விழுந்து கிடப்பதாக உங்கள் கண்ணுக்குத் தெரியலையாய்யா? இது அவரிடம் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது கேட்டது.

பலகைகள் போய்விட்டன. இல்வாவுக்குப் பசிக்கவில்லையாம். இந்த முறை பொய் இல்லை.

2 மே, வியாழன்

ஹல்வார் ஒரு படிவத்தோடு வந்தான், போடிலும் கூடவே. தலைப்பு: "திடல் பராமரிப்புத் தள்ளுவண்டிக்கு நிரந்தரப் பாதை."

"அவ பேரு எங்கே?" என்றேன்.

"அவ பேரைப் போட்டா அடுத்த கட்டம். வண்டின்னு போடு, வந்துடும்" என்றான் ஹல்வார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்காகக் கேட்பதில் என்ன வெட்கம்? போடில் தலையைக் குனிந்தபடி அகலத்தை எழுதினாள், ஒன்றரை மீட்டர். தள்ளுவண்டிக்கு எதற்கு அவ்வளவு என்று நகராட்சியில் கேட்டால்?

"பெரிய வண்டின்னு சொல்றேன்" என்றாள்.

அவள் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

17 மே, வெள்ளி

தேசிய தினம். ஊர்வலம், வாத்தியம், மேடையில் "ஒவ்வொரு குழந்தையும் நமக்கு முக்கியம்." இல்வா மூன்று ஐஸ்கிரீம் தின்றாள். நான் கொடியை ஆட்டிய வேகத்தில் குச்சி முறிந்துவிட்டது.

24 மே, வெள்ளி

ஒரே நாளில் இரண்டு உறை.

ஒன்று, தள்ளுவண்டிப் பாதைக்கு அனுமதி, "பணிகள் தடையின்றி நடக்க வேண்டியது அவசியம் என்பதால்." தரைக்கல் தருவார்கள், பதிப்பது நாங்கள்.

இன்னொன்று, ஏப்ரலில் இல்வாவுக்காக நான் எழுதிய கடிதத்துக்குப் பதில். "அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்." இரண்டிலும் ஒரே கையெழுத்து!

மூன்று தடவை படித்தேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். முடியவில்லை. இரண்டையும் எடுத்துப்போய் அந்த "எல்லோருக்குமான" பலகைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் குத்திவைத்துவிட்டு வந்தேன். ஊரே படிக்கட்டும். போடில் பார்த்தால் தெரு மானம் போச்சு என்று கிழித்தெறிவாள். எறியட்டும், பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

25 மே, சனி

விடியும்வரை மழை. கடிதங்கள் கூழாகியிருக்கும் என்று போனேன். நனையவில்லை. இரண்டுக்கும் பிளாஸ்டிக் உறை, நான்கு மூலையிலும் ஊசி. இந்தத் தெருவில் அந்த இயந்திரம் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

8 ஜூன், சனி

போன வாரம் இன்னொரு டுக்னாட். கல்லை அள்ளி வெளியே கொட்டினோம், பாதையைப் பதித்தோம். வாஃபிள் கருகவில்லை.

இன்று மதியம் இல்வா வீட்டுக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. முகமெல்லாம் சிவப்பு.

"அம்மா, ராட்டினத்துக்கு வரிசை. நான்தான் அடுத்தது. ஓஸ்னே நடுவுல பூந்துட்டா. நீ வந்து கேளு."

எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

"நீயே போய்க் கேளு."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். வாசலைத் தாண்டினாள், எங்கேயும் நிற்கவில்லை. பன்னிரண்டு மீட்டரும் ஒரே ஓட்டம். அவள் போட்ட சத்தம் இங்கே சமையலறைவரை கேட்டது.