வாளியில் தண்ணி குறைஞ்சிருக்கு!

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. மீன் தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதீங்க!

வாளித் தண்ணியைத் தொட்டிக்குத் தானாத் திறந்துவிட நீங்க மாட்டின மிதவை வேலை செய்யுது. வெட்டிச் செலவுன்னு நான் குதிச்சேனே, தப்பு அதுமேல இல்ல. தண்ணி வத்திடுமோன்னு பயந்து தினமும் காலையில நான் ஒரு சொம்பு, ராத்திரி நீங்க ஒரு சொம்பு ஊத்தினோம். மட்டம் இறங்கினாத்தானே அது திறக்கும்?

நேத்து சண்டை போட்டு ரெண்டு பேரும் தொட்டிப் பக்கமே போகல. இன்னைக்குப் பாத்தா மேல வச்ச வாளியில தண்ணி குறைஞ்சிருக்கு, தொட்டியில தண்ணி நீங்க போட்ட கோட்டுக்குச் சரியா நிக்குது! தனியா நின்னு கைதட்டினேன்.

வாளியை மட்டும் நிரப்பி வைங்க.

இன்னொண்ணு: நாம பேசாம இருந்தது தொட்டிக்கு நல்லதாப் போச்சு. அதுக்காக இன்னைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. சாயங்காலம் சீக்கிரமே வந்துடுவேன்.