வயலின் சுண்டிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

கணினி வயலினை மனிதர் வாசிப்பதுபோல ஒலிக்க வைப்பதுதான் என் வேலை. வில்லால் இழுத்து வாசிக்க ஒரு கட்டை, விரலால் சுண்ட ஒரு கட்டை என்று கீபோர்டில் தனித்தனியாக வைத்திருப்பேன். நேற்று தவறுதலாக அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்டேன். நாங்கள் இசை சேர்க்கும் படத்தில் தாய் சாகும் காட்சி. வயலின்கள் இழைய வேண்டிய இடத்தில் டொக் டொக்கென்று சுண்டின.

"என்னம்மா இது, சாவு வீட்டுல கோழி கொத்துற மாதிரி இருக்கு?" என்றார் இசையமைப்பாளர். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். உடனே சரிசெய்துவிட்டேன். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். இந்த வாரம் என் முகம் பார்த்து ஒருவர் பேசியது அது ஒன்றுதான். அதனால் திட்டாகவே தோன்றவில்லை.

ஒரு சின்ன உதவி அப்பா. போனில், "நல்லா இருக்கோம், வச்சிடவா?" என்று முடித்துவிடாதீர்கள். நீங்களும் அம்மாவும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவதை முழுசாகப் பதிவுசெய்து அனுப்புங்கள். இருமல், பாத்திரச் சத்தம் எதையும் வெட்ட வேண்டாம். வேலைக்காக இல்லை. சாப்பிடும்போது போட்டுக் கேட்கத்தான்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்